விண்வீழ் கல்லும் நம் அச்சமும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் உலகப் பத்திரிகைகள் பலவும் ஒரு கல்லைப் பற்றி எழுதின. அக்கல்லுக்குப் பெயர் இல்லை. 2024 வைஆர்4 என்னும் குறியீடு மாத்திரமே உண்டு. 2024 டிசெம்பர் 27ஆம் நாள் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று அதனைக் கண்டது. அறுபது மீற்றர் அளவினதாகிய அக்கல் 2032 டிசெம்பர் 22ஆம் நாள் பூமியில் மோதக்கூடும் என வானியலார் கணித்தனர். சனவரி முடிவில் அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றனர். பெப்ரவரி 18இல் நூற்றுக்கு 3.1 என்றனர். அவ்வளவு பெரிய கல் ஒன்றுக்கு இத்துணை உயர்ந்த வாய்ப்பு முன்னர் ஒருபோதும் கூறப்பட்டதில்லை. அடுத்த ஆறு நாள்களில், பெப்ரவரி 24இல், அவ்வெண் ஏறத்தாழப் பூச்சியமாயிற்று. பத்திரிகைகள் வேறு செய்திகளுக்குச் சென்றன.

செய்தி போயிற்று, ஐயம் போகவில்லை. முதலிற் சொன்னது மெய்யா? பின்னர்ச் சொன்னது மெய்யா? மெய்யெனின், மூன்று வீதமென்றவர்கள் ஒரு கிழமைக்குள் ஒன்றுமில்லை என்றது எவ்வாறு? "விஞ்ஞானிகளும் சோதிடரைப் போன்றவர்களே" என்று எள்ளியோரும் உளர். "உண்மையை மறைத்துவிட்டனர்" என்று கதை கட்டியோரும் உளர்.

யான் இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவன். வானநூல் வல்லேன் அல்லேன். ஆயினும் இந்தக் குழப்பத்திற் பெரும்பகுதி சொற்களாற் பிறந்த குழப்பம் என்பது என் துணிபு. அண்மை, சேய்மை, வாய்ப்பு, ஆயிரமாண்டுக்கு ஒருமுறை என்னும் சொற்களை வானநூலார் ஒரு பொருளிற் சொல்கின்றனர்; நாம் வேறொரு பொருளிற் கேட்கின்றோம். சொல்லுக்குப் பொருள் காண்பது எம்மனோர் தொழிலாதலின், இதனை ஆராய்தல் பொருத்தமே எனக் கருதினேன்.

பெயரும் பொருளும்

முதலிற் பெயர்களை வரையறுத்துக்கொள்வோம். ஞாயிற்றைச் சுற்றிவரும் கற்பாறைகளும் உலோகப் பாறைகளும் சிறுகோள்கள் எனப்படும். பனியும் தூசியும் செறிந்தது வால்வெள்ளி. இவற்றிலிருந்து பிரிந்த துணுக்கு பூமியின் வளிமண்டலத்தினுள் விரைந்து புகுங்கால் எழுகின்ற ஒளிக்கீற்றை எரிவெள்ளி என்கின்றோம். எரிந்து முடியாது நிலத்தில் வந்து சேரும் எச்சம் ஆகாயக்கல். சிறுகோளையும் ஆகாயக்கல்லையும் ஒன்றெனக் கொள்வது, கடலில் நீந்தும் மீனையும் கரையிற் கிடக்கும் கருவாட்டையும் ஒன்றெனக் கொள்வது போலாகும்.

எரிவெள்ளியைத் தமிழர் கூர்ந்து நோக்கியதற்குப் புறநானூற்றின் 229ஆம் பாட்டு சான்று. பங்குனித் திங்களில் ஒரு நள்ளிரவில் வானிலிருந்து மீன் ஒன்று வீழ்ந்ததைக் கூடலூர் கிழார் கண்டார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்னாகுமோ என அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். அவ்விரவில் எந்த மீன் எந்த நிலையில் நின்றது என்பதையும் புலவர் குறித்துள்ளார். அவர் நோக்கு நுண்ணியது. அதற்கு அவர் கொண்ட பொருள் அக்காலத்தார் கொண்ட பொருள். நோக்கியதைப் போற்றி, கொண்ட பொருளை ஆராய்ந்து ஏற்றலும் விடுத்தலும் நம் கடன்.

ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். எரிவெள்ளியை நிமித்தம் எனக் கண்ட பழையவர்கள் அஞ்சினர். ஆனால் கல் விழவில்லை என்று சொல்லவில்லை. அவ்வாறு சொன்னவர்கள் பிற்காலத்துக் கற்றோர்.

குடியானவரும் கற்றோரும்

1768ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் லூசே என்னும் ஊர்ப்புறத்தில் வயலில் நின்றோர் கண்ணெதிரே வானிலிருந்து ஒரு கல் வீழ்ந்தது. பாரிசிலுள்ள விஞ்ஞானக் கழகம் மூவர் கொண்ட குழுவை அமைத்தது. மூவருள் ஒருவர் பிற்காலத்தில் இரசாயன நூலின் தந்தை எனப் போற்றப்பெற்ற இலவோசியர். கல்லைப் பகுத்து ஆராய்ந்த குழு, அது பூமியிற் கிடந்த கல்லே, மின்னல் தாக்கியது போலும் என முடிவு கூறியது. குடியானவர் கண்டது கட்டுக்கதை ஆயிற்று.

1794இல் கிளாட்னி என்னும் செருமானிய அறிஞர், இக்கற்களும் இரும்புத் திரள்களும் பூமிக்கு அப்பாலிருந்தே வருகின்றன என நூல் எழுதினார். பலர் நகைத்தனர். 1803 ஏப்பிரல் 26ஆம் நாள் நோர்மண்டி மாகாணத்து இலேகிள் என்னும் ஊரைச் சுற்றி மூவாயிரம் வரையிலான கற்கள் பட்டப்பகலிற் சொரிந்தன. பியோ என்னும் இளம் விஞ்ஞானியை அரசு அனுப்பியது. அவர் கல்லை மட்டும் ஆராயவில்லை. ஊர் ஊராகச் சென்று, ஒருவரையொருவர் அறியாத சாட்சிகளை வினவி, கற்கள் கிடந்த இடங்களைப் படத்திற் குறித்தார். அவை நீள்வட்டமான ஒரு பரப்பில் அடங்கின. அதன்பின் ஐயுற இடமிருக்கவில்லை.

இலவோசியர் அறிவிற் குறைந்தவர் அல்லர். கல்லைக் கேட்டார், கண்டவரைக் கேளாது விட்டார். பியோ இருதிறத்தாரையும் கேட்டார். இவ்வேறுபாடு எக்காலத்து ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் பாடமாகும்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2023 பெப்ரவரி 13ஆம் நாள் அதே நோர்மண்டி மாகாணத்தில் மீண்டும் கற்கள் வீழ்ந்தன. இம்முறை ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு முன்னரே அங்கேரி நாட்டு வானியலார் ஒருவர் ஒரு மீற்றர் அளவினதாகிய அச்சிறு பாறையை விண்ணிற் கண்டார். வீழும் இடமும் நேரமும் கணிக்கப்பட்டன. தேடிச் சென்றோருள் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி முதற்கல்லைக் கண்டெடுத்தாள். வானிலிருந்து கல் விழுமா என்று வினவிய நாட்டில், இத்தனை மணிக்கு இவ்விடத்திற் கல் விழும் என்று சொல்லும் காலம் வருவதற்கு இருநூற்றிருபது ஆண்டு ஆயிற்று.

அண்மை என்பது எவ்வளவு?

"பூமிக்கு மிக அண்மையிற் பாரிய கல்" என்னும் தலைப்பைத் திங்கள்தோறும் எங்கேனும் காண்கின்றோம். அண்மை என்பது ஒப்புநோக்கிச் சொல்லும் சொல். பக்கத்து வீடும் அண்மை. பக்கத்து ஊரும் அண்மை. வானநூலார் அண்மை எவ்வளவு?

பூமியை நாலு சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு தேசிக்காய் எனக் கொள்வோம். சந்திரன் ஒரு சுண்டங்காய். தேசிக்காயிலிருந்து ஒன்றேகால் மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் இருக்கும். மெய்த்தூரம் 384,400 கிலோமீற்றர். ஞாயிறு ஏறக்குறைய 470 மீற்றருக்கு அப்பால், ஓர் ஆளின் உயரத்தை இரண்டரை மடங்காக்கிய குறுக்களவுள்ள உருண்டையாய் நிற்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் வலயம் ஞாயிற்றிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் இடையில் விரிந்து கிடக்கும். அவ்வலயத்தில் இலட்சக்கணக்கான பாறைகள் உள. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினும் சந்திரனின் நிறையில் நூற்றில் மூன்று நான்கு பங்குக்கு மேற்படாது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிசு என்னும் ஒரே கோளில் அடங்கும். 1801ஆம் ஆண்டின் முதல் நாளில் பியாசி என்னும் இத்தாலியர் கண்டது அது. எஞ்சியவை அகன்ற வெளியிலே தூவிய மணல்.

அவை அங்கேயே கிடப்பின் நமக்குக் கவலை இல்லை. வியாழனின் ஈர்ப்பு சிலவற்றின் பாதையைக் குலைக்கின்றது. ஞாயிற்றின் வெப்பமும் தன் பங்கைச் செய்கின்றது: சுழலும் பாறை பகலில் வாங்கிய வெப்பத்தை வேறு திசையில் வெளியிடுங்கால் மிகச் சிறிய உந்தலைப் பெறும். ஈரம் உலரும் விசையிலும் மெல்லியதாகிய அவ்வுந்தல் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒரு பாறையைத் தன் வழியிலிருந்து பெயர்த்துவிடும். இவ்வாறு வழி தவறிய சில, பூமியின் பாதைக்கு அருகே வருகின்றன. அத்தகையன நாற்பதினாயிரம் வரை 2025 முடிவிற்குள் கண்டறியப்பட்டன.

இவற்றுள் ஏறத்தாழ 140 மீற்றருக்கு மேற்பட்டனவாய், பூமியின் பாதையை 75 இலட்சம் கிலோமீற்றருக்குள் அணுகக்கூடியவற்றைத் தீங்கு பயக்கத்தக்கவை என வகுத்துள்ளனர். எமது தேசிக்காய்க் கணக்கில் அவ்வெல்லை இருபத்துமூன்றரை மீற்றர். ஒரு பெரிய வகுப்பறையின் நடுவில் மேசைமேல் தேசிக்காய் இருக்க, முற்றத்து மாமரத்தடியில் ஒரு தூசி பறப்பது போன்றது. அதனையே தலைப்பு "மிக அண்மை" என்கிறது. வானநூலார் அவ்வாறு வகுத்ததற்குக் காரணம் உண்டு: இன்று அவ்வளவிற் கடப்பது நூற்றாண்டுகள் கழியப் பாதை மாறி இன்னும் நெருங்கக்கூடும். அவர்கள் அண்மை என்பது கண்காணிக்கவேண்டிய தூரம். நாம் கேட்பதோ தலையில் விழப்போகும் தூரம்.

மெய்யாகவே அண்மையிற் கடந்தவையும் உள. 2013 பெப்ரவரி 15ஆம் நாள் ஒரு சிறுகோள் பூமியின் மேற்பரப்பிலிருந்து 27,700 கிலோமீற்றர் தூரத்திற் கடந்தது. தேசிக்காயின் தோலிலிருந்து ஒன்பது சென்ரிமீற்றருக்குள். தொலைக்காட்சிச் செய்மதிகள் சுழல்கின்ற 35,786 கிலோமீற்றர் உயரத்திலும் அது தாழ்ந்தது. அந்நாளை வானநூலார் ஓராண்டுக்கு முன்னரே அறிந்து காத்திருந்தனர். அதே நாளில், அறியப்படாத மற்றொன்று வேறு திசையிலிருந்து வந்து உருசியாவின்மேல் வெடித்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆயிரமாண்டுக்கு ஒருமுறை

எத்தனை ஆண்டுக்கு ஒரு கல் விழும்? அளவுக்கேற்ப விடை மாறும். பல பத்துத் தொன் விண்தூசி நாள்தோறும் பூமியிற் படிகின்றது. நாலு மீற்றர் அளவினதாகிய பாறை ஆண்டுக்கு ஒன்று என்னும் வீதத்தில் வளிமண்டலத்தில் வெடித்து ஒழியும். பெரும்பாலும் கடலுக்குமேல் நிகழ்வதால் நாம் அறிவதில்லை. இருபது மீற்றர்ப் பாறை அரை நூற்றாண்டுக்கும் ஒரு நூற்றாண்டுக்கும் இடையில் ஒன்று. ஐம்பது அறுபது மீற்றர்ப் பாறை ஆயிரமாண்டு அளவில் ஒன்று. 140 மீற்றர் எனின் இருபதினாயிரம் ஆண்டுக்கு ஒன்று. ஒரு கிலோமீற்றர் எனின் ஐந்து இலட்சம் ஆண்டுக்கு மேல். பத்துக் கிலோமீற்றர் எனின் பத்துக்கோடி ஆண்டு அளவில் ஒன்று.

ஒவ்வொன்றுக்கும் சான்று பூமியின் உடம்பில் உண்டு. ஐம்பதினாயிரம் ஆண்டுகளின் முன் அரிசோனாப் பாலையில் ஓர் இரும்புப் பாறை தோண்டிய குழி 1.2 கிலோமீற்றர் அகலம், இன்றும் காணலாம். 1908 யூன் 30ஆம் நாள் சைபீரியாவின் துங்குஸ்காப் பகுதியில் விண்ணிலே வெடித்த ஒன்று ஈராயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்தது. மனிதர் அரிதாக வாழ்ந்த இடம். கூலிக் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே சென்று சேர்ந்தது பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1927இல். ஒரு பெருநகரத்தின்மேல் அது வெடித்திருப்பின் இருபதாம் நூற்றாண்டின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும்.

ஆறு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளின் முன் மெக்சிக்கோவின் யுக்கற்றான் தீபகற்பத்தில் வீழ்ந்தது பத்துக் கிலோமீற்றரோ அதற்குச் சற்று மேற்பட்டதோ ஆகிய பாறை. இராட்சதப் பல்லிகளின் குலம் அதனோடு முடிந்தது. இதனை முதலில் உணர்த்தியது குழி அன்று. இத்தாலியின் குப்பியோ ஊர்ப் பாறைச்சரிவிற் கண்ட விரல்தடிப்புக் களிமண் படலம். பூமியின் மேலோட்டில் அரிதாகிய இரிடியம் அக்களிமண்ணில் மிகுந்திருந்தது. அல்வரேசு என்னும் தந்தையும் மகனும் இருவர் துணைவரோடு 1980இல் இதனை வெளியிட்டனர். தந்தை பௌதிகர், மகன் நிலவியலார். பத்தாண்டு கடந்த பின்னரே குழியும் உறுதியாயிற்று.

"ஆயிரமாண்டுக்கு ஒன்று" என்பதை முறைவைத்து வரும் விருந்தாகப் பலர் கருதுகின்றனர். 1908இல் ஒன்று வந்துவிட்டது, இனி 2908 வரை அச்சமில்லை என்பது அவர் கணக்கு. தாயம் உருட்டுவோர் இதனை எளிதில் அறிவர். பன்னிரண்டு விழுந்த மறு உருட்டலில் மீண்டும் பன்னிரண்டு விழாது என்று எவரும் பந்தயம் கட்டார். கல்லுக்கு நினைவில்லை, முன்னது எப்போது விழுந்தது என்பதை அது அறியாது. ஆயிரமாண்டுக்கு ஒன்று எனின் ஒவ்வோராண்டிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். பூமியின் பெரும்பகுதி கடலாதலின், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் வீழும் வாய்ப்பு அதனிலும் மிகச் சிறிது.

மூன்று வீதத்தின் மெய்ம்மை

இனி 2025இன் கல்லுக்கு மீள்வோம். அப்பெப்ரவரியில் எம் கலாசாலை மாணவன் ஒருவன், "ஐயா, 2032இல் உலகம் முடியுமென்றால் நாங்கள் சோதனைக்குப் படித்து என்ன பயன்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆனால் கேட்டவன் முகத்தில் முழுச்சிரிப்பு இல்லை. அவனுக்கு யான் கூறிய விடையை ஈண்டுத் தருகின்றேன்.

ஒரு வீட்டுப் பரணில் எண்பது ஏட்டுக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேதான் நாம் தேடும் சுவடி இருக்கிறது. எதில் என்று தெரியாது. மூலையிற் கிடக்கும் ஒரு சிவப்புத்துணிக் கட்டின்மேல் எமக்கு ஒரு கண். தேடத் தொடங்குமுன் சுவடி அக்கட்டில் இருக்கும் வாய்ப்பு எண்பதில் ஒன்று, நூற்றுக்கு ஒன்றேகால். மற்றக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றோம். நாற்பத்தெட்டை அவிழ்த்தும் சுவடி இல்லை. இப்போது சிவப்புத்துணிக்கு வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். அக்கட்டை எவரும் தொடவில்லை. அதனுள் எதுவும் மாறவுமில்லை. நம் அறியாமை குறையக் குறைய அதன் வாய்ப்பு ஏறியது. அடுத்து அவிழ்த்த கட்டிற் சுவடி அகப்பட்டுவிட்டது. சிவப்புத்துணியின் வாய்ப்பு அக்கணமே பூச்சியம்.

கல்லின் கதையும் அதுவே. 2032இல் அது எங்கே இருக்கும் என்பதற்கு முதலில் நீண்ட ஒரு கோடு போன்ற பரப்பே கிடைத்தது. பூமி அப்பரப்பில் ஒரு புள்ளி. இரவுதோறும் நோக்க நோக்கப் பரப்புச் சுருங்கியது. பூமி உள்ளேயே நின்றது. ஆகவே வாய்ப்பு ஏறியது. இன்னும் சுருங்கியபோது பூமி வெளியே நின்றது. முப்பத்திரண்டில் ஒன்று என்று சொன்னவர்களே முப்பத்திரண்டில் முப்பத்தொன்று தப்பும் என்றும் சொன்னார்கள். முதலிற் சொன்னதும் மெய். பின்னர்ச் சொன்னதும் மெய். இரண்டும் அந்தந்த நாளின் அறிவை அளந்து சொன்னவை.

சோதிடருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இங்கேதான். இவர்கள் தம் அறியாமையின் அளவை எண்ணாற் சொன்னார்கள். நாள்தோறும் அதனை யாவரும் காணத் திருத்தினார்கள். திருத்துவதை நாணமாகக் கருதவில்லை. நாணமாகக் கருதி முதலெண்ணை மறைத்திருந்தால் அதுவன்றோ தவறு? வாய்ப்பு ஒரு வீதத்தைக் கடந்தால் அறிவிக்கவேண்டும் என்னும் நெறியை முன்னரே வகுத்து, அதன்படி நாடுகளுக்கு அறிவித்தனர். வீழக்கூடிய தடத்திலே கிழக்குப் பசிபிக், தென்னமெரிக்காவின் வடபகுதி, அத்திலாந்திக், ஆபிரிக்கா, அரபிக்கடல், தென்னாசியா ஆகியன இருந்தன. தென்னாசியாவில் வாழும் நமக்கு அச்செய்தியை அறியும் உரிமை உண்டு.

இன்னொரு செய்தி பலர் கவனத்திற்கு வரவில்லை. அக்கல் பூமியை மிக நெருங்கியது 2024 டிசெம்பர் 25இல், ஏறக்குறைய 829,000 கிலோமீற்றர் தூரத்தில். கண்டதோ 27இல். கடந்து இரண்டு நாளின் பின்னரே கண்டோம்! ஞாயிற்றின் பக்கத்திலிருந்து வந்தமையால் நிலத்துத் தொலைநோக்கிகளுக்கு அது முன்னர்ப் புலப்படவில்லை. வினாடிக்குப் பதினேழு கிலோமீற்றர் விரைவில் மோதியிருக்கக்கூடியது அது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை அவ்விரைவுக்கு இருபத்தைந்து வினாடி. அஞ்சவேண்டியது எது என்று என்னைக் கேட்டால், மூன்று வீதத்தைச் சொல்லேன். இந்த இரண்டு நாளைச் சொல்வேன்.

ஒளிக்குப் பின் ஒலி

அதே ஞாயிற்றின் பக்கத்திலிருந்துதான் 2013 பெப்ரவரி 15ஆம் நாட் காலையில் உருசியாவின் செலியாபின்ஸ்க் நகருக்கு ஒரு விருந்தாளி வந்தான். இருபது மீற்றர் அளவினதாகிய பாறை; வினாடிக்குப் பத்தொன்பது கிலோமீற்றர் விரைவு; முப்பது கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தது. வெளிப்பட்ட ஆற்றல் கிரோசிமாவில் இட்ட குண்டைப்போல் முப்பது மடங்கு அளவில். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் மருத்துவரை நாடினர்.

அவர்களைக் காயப்படுத்தியது கல் அன்று, பெரும்பாலும் கண்ணாடி. ஞாயிற்றினும் மிக்க ஒளி வானிற் பாய்ந்தது. என்னவென்று பார்க்க மக்கள் யன்னல்களுக்கு ஓடினர். ஒளி வந்த இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட பின்னரே அதிர்வலை வந்தது. முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிகள் முகத்திலேயே சிதறின. மின்னல் முந்தி இடி பிந்தும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அறிந்தது அவ்வேளையில் உதவவில்லை.

ஒருத்திக்கு உதவியது. அந்நகரத்துப் பாடசாலை ஒன்றின் நாலாம் வகுப்பு ஆசிரியை, பேரொளியைக் கண்டதும் அது யாதென அறியாதிருந்தும், நாற்பத்துநான்கு மாணவரையும் மேசைகளின் கீழ் ஒளியச் செய்தார். தாம் நின்றார். யன்னல் வெடித்தபோது கண்ணாடி அவர் உடலில் ஆழ வெட்டியது. மாணவருள் ஒருவருக்கும் வெட்டில்லை. ஆசிரியத் தொழில் புரியும் எவரும் இதனை வாசித்துவிட்டு எளிதிற் பக்கம் புரட்ட இயலாது. அந்த ஆசிரியைக்குத் தொலைநோக்கியும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. ஒளிக்குப் பின் ஏதேனும் வரலாம் என்னும் ஒரு வரி அறிவே இருந்தது. பேரொளி கண்டால் யன்னலை விட்டு விலகு என்னும் அவ்வொரு வரியை எம் பாடநூல்கள் எத்தனையிற் காண்கின்றோம்?

செய்ததும் செய்யாததும்

இயற்கையின் ஏனைய பேரிடர்களுள் நிலநடுக்கத்தைத் தடுக்க வழியில்லை. சூறாவளியைத் திருப்ப வழியில்லை. விண்கல் ஒன்றையே, முன்னரே கண்டால், திருப்பலாம். 2022 செப்ரெம்பர் 26ஆம் நாள், பூமியிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட கிலோமீற்றருக்கு அப்பால், ஏறத்தாழ 570 கிலோகிராம் நிறையுள்ள விண்கலம் ஒன்றை டைமோபசு என்னும் 160 மீற்றர்ப் பாறையின்மேல் வேண்டுமென்றே மோதுவித்தனர். தன் தாய்ச் சிறுகோளை 11 மணி 55 நிமிடத்திற் சுற்றிவந்த அப்பாறை, மோதலின்பின் ஏறக்குறைய 33 நிமிடம் முந்திச் சுற்றத் தொடங்கியது. மனிதன் ஒரு விண்பொருளின் வழியை மாற்றியது அதுவே முதன்முறை. இவ்வாறு திருப்புவதற்குப் பல ஆண்டு முன்னறிவு வேண்டும். சில நாள் முன்னறிவு ஊரைவிட்டு விலகவே உதவும்.

ஆகவே எல்லாம் காண்பதில் தங்கியுள்ளது. இங்கே நம் தீவோடு தொடர்புடைய செய்தி ஒன்று. கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்து 2008இல் மறைந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1973இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், இத்தாலியின் வடபகுதியில் விண்கல் வீழ்ந்த பின் மக்கள் ஏற்படுத்தும் விண்காவல் திட்டத்தைக் கற்பனை செய்தார். 1992இல் அமெரிக்க வானநூலார் மெய்யான திட்டத்துக்கு அக்கதையின் பெயரையே இட்டனர். ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்டனவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இன்று கணக்கில் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றும் அடுத்த நூறாண்டில் மோதும் நிலையில் இல்லை. இது பெரிய ஆறுதல்.

140 மீற்றருக்கு மேற்பட்டனவற்றின் நிலை வேறு. 2020க்குள் அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைக் காணவேண்டும் என அமெரிக்கக் காங்கிரசு 2005இல் விதித்தது. ஆண்டு கடந்தது, பாதியும் காணப்படவில்லை. சட்டம் இயற்றுவது ஒன்று, அதற்குப் பணம் ஒதுக்குவது மற்றொன்று என்பது எல்லா நாட்டுக்கும் பொது. வெப்பக்கதிராற் காணும் விண்தொலைநோக்கி ஒன்றை 2027இல் ஏவத் திட்டமிட்டுள்ளனர். சிலியில் எழுந்துள்ள வேரா ரூபின் தொலைநோக்கி 2025இல் வெளியிட்ட தொடக்க நோக்கிலேயே, பத்து மணி நேர அளவில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட புதிய சிறுகோள்களைக் கண்டது. இருபது மீற்றர், ஐம்பது மீற்றர்ப் பாறைகளோ மிகப் பெரும்பாலும் இன்னும் காணப்படாதவை. நகரைக் கெடுக்கவல்லவை அவை.

சிறு நாட்டார் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 2008 ஒக்டோபர் 7ஆம் நாள் சூடான் நாட்டுப் பாலையில் நாலு மீற்றர்ப் பாறை ஒன்று வீழ்ந்தது. பத்தொன்பது மணி நேரம் முந்திக் காணப்பட்டது. விண்ணிற் கண்டு பின் மண்ணில் வீழ்ந்ததை மனிதன் அறிந்தது அதுவே முதன்முறை. பாலையில் வரிசையாக நடந்து துண்டுகளைப் பொறுக்கியவர்கள் காட்டூம் பல்கலைக்கழக மாணவர். உலக விஞ்ஞான நூல்களில் அக்கல் இன்று அரபுப் பெயரால் வழங்குகின்றது. 2015 நவம்பர் 13ஆம் நாள் நம் தீவின் தென்கரைக்கு அப்பாற் கடலின்மேல் ஒரு பொருள் எரிந்து வீழ்ந்தது. அது கல் அன்று, மனிதன் விட்டெறிந்த விண்கலத்தின் எச்சம். சில கிழமைக்கு முன்னரே கணித்து, நாளும் நேரமும் சொல்லி, வெளிநாட்டார் விமானத்தில் வந்து நோக்கினர். நம் தலைக்கு நேரே நிகழ்வதையும் பிறர் சொல்லி அறிவது நெடுங்காலத்துக்குத் தகுமா?

2029 ஏப்பிரல் 13ஆம் நாள், நம் நேரப்படி 14ஆம் நாள் விடியுமுன், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அப்போபிசு என்னும் சிறுகோள் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றரிற் கடக்கும். 350 மீற்றர் அளவினது. 2004இல் அதற்கும் நூற்றுக்கு 2.7 என்றனர், பின்னர் அதுவும் நீங்கியது, 2021இல் எடுத்த ராடார் அளவுகள் குறைந்தது நூறாண்டுக்கு மோதல் இல்லை என உறுதி செய்தன. ஐரோப்பா, ஆபிரிக்கா, மேற்காசியா ஆகிய இடங்களில் வெறுங்கண்ணாற் காணலாம். அப்போதும் தலைப்புகள் அலறும். உலக முடிவைச் சொல்வோர் எழுவர்; எல்லாம் பொய் என்போரும் எழுவர்.

அந்நாளுக்கு ஆசிரியர்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பரணைக் காட்டி நிகழ்தகவைச் சொல்லலாம். தேசிக்காயை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். கூடலூர் கிழாரை வைத்து நோக்கும் பழக்கத்தையும், இலவோசியரை வைத்துக் கற்றோரும் வழுவும் இடத்தையும் சொல்லலாம். அன்று என்னிடம் வினவிய மாணவனுக்கு இறுதியிற் சொன்னது இது: சோதனைக்குப் படி, இயன்றால் அடுத்த கல்லை அது கடந்து போகுமுன் காண்பவனாகு. இரண்டு நாள் பிந்திக் கண்ட குறை இன்னும் தீரவில்லை.